யாருடைய கடிகாரத்தில் பத்து மணி?

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் போய்ச் சேர்ந்து, பரங்கிமலை ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்கள் ஓடி முடித்து, தெருவில் கீரைக்காரியின் குரலும் அடங்கிவிட்ட பிறகு, காலை ஒன்பதே முக்காலிலிருந்து பத்தேகால் வரையில் ஆதம்பாக்கத்தில், கருணீகர் தெருவிலும் என்.ஜி.ஓ. காலனியிலும் உள்ள எத்தனையோ வீடுகளின் கூடங்களில், வெளியிலிருந்து பார்ப்பவர்க்குப் புலப்படாத ஒரு பரபரப்பு நிகழ்கிறது. மறுநாள் நெல்லை எக்ஸ்பிரஸிலோ பாண்டியன் எக்ஸ்பிரஸிலோ எப்படியாவது ஊர் போய்ச் சேரவேண்டிய நிர்ப்பந்தம் உள்ளவர்கள், பிரயாணிகளின் பெயரையும் வயதையும் முன்கூட்டியே மாஸ்டர் லிஸ்டில் ஏற்றி வைத்துக்கொண்டு, ஏ.சி. வகுப்புகளுக்கான அவசர முன்பதிவாகிய தத்கால் திறக்கும் அந்த ஒரு க்ஷணத்துக்காகக் கைப்பேசியைக் கையில் ஏந்திக் காத்திருக்கிறார்கள். பத்து மணி அடித்ததும் பொத்தான் அழுத்தப்படுகிறது; திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றத் தொடங்குகிறது. "ரெஃப்ரெஷ் பண்ணிடாதீங்கப்பா, லாக்அவுட் ஆயிடும்" என்று பக்கத்திலிருந்து மகன் எச்சரிக்கிறான். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது நிற்கும்போது வருகிற விடை பெரும்பாலும் வெயிட்டிங் லிஸ்ட்.

அந்த வட்டம் சுற்றும் காலத்தை அளப்பதும், அளந்து குறைப்பதும் இன்று ஒரு தனிச் சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. அதைத் தொழிலாகக் கொண்டு ஜீவனம் செய்கிறவர்கள் வேளச்சேரியிலும் ஓ.எம்.ஆரிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் குடியிருப்பதும் இதே ஆதம்பாக்கத்தில்தான். ஆயினும் இந்தச் சாஸ்திரத்தின் முதற் கேள்விக்கே எல்லோரும் ஒரே விடையைச் சொல்வதில்லை. கேள்வி மிக எளியது: காலத்தை அளக்கப் பயன்படும் கடிகாரம் யாருடையது? சர்வர் இருக்கும் அறையில் ஓடுவதா, காத்திருப்பவர் கையில் ஓடுவதா?

ரயில்வேயின் கதையையே எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் மூலமான முன்பதிவு 1985-ல் புதுடில்லியில் ஆரம்பமாயிற்று. மறு ஆண்டில் கிரிஸ் என்று சுருக்கமாக வழங்கும் ரயில்வே தகவல் அமைப்பு மையம் ஸ்தாபிக்கப்பட்டது. டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து கேந்திரங்களையும் 'கான்சர்ட்' என்ற ஏற்பாட்டால் ஒன்றாகப் பிணைத்து, எந்த ஊர்க் கவுண்டரிலிருந்தும் எந்த ரயிலுக்கும் இடம் பிடிக்கலாம் என்ற நிலை 1999-ல் வந்தது. 2002 ஆகஸ்டு 3-ஆம் தேதி ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோது, வாங்கிய டிக்கெட் கூரியரில்தான் வீடு தேடி வந்தது. 2014 ஏப்ரலில் புதிய அமைப்பு புகுத்தப்பட்டபோது நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த சக்தி 7,200 ஆயிற்று. 2020-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அது 10,000 என்று உயர்த்தி அறிவிக்கப்பட்டது. 2025 மே 22-ஆம் தேதி ஒரே நிமிஷத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாகி, அது வரையில் இல்லாத உச்சமாக அமைந்தன. உலகில் இவ்வளவு பெரிய ஜனத்திரள் நாள்தோறும் குறித்த நாழிகையில் வந்து முட்டும் வாசல்கள் மிகச் சிலவே என்பதை மனத்திற்கொண்டு பார்த்தால், இது சாமானியமான சாதனை அன்று.

ஆனால் இந்த எண்கள் அனைத்தும் விற்பவரின் எண்கள். நிமிஷத்துக்கு எத்தனை டிக்கெட் கிழிக்கப்பட்டது என்பது கவுண்டருக்கு உள்ளே இருப்பவர் எண்ணுவது. வெளியே நிற்பவர் எத்தனை நேரம் நின்றார் என்பது அதில் இல்லை. இணையத் தொழிலில் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவது வெகு சகஜம். கோரிக்கை சர்வரின் வாசலுக்கு வந்தது முதல் விடை அவ்வாசலைக் கடந்தது வரை உள்ள காலம் சர்வரின் பதிவேட்டிலே ஒழுங்காக விழுந்துகொண்டிருக்கும். அதைக் கூட்டி வகுத்து, "சராசரி கால் விநாடி" என்று மேலதிகாரிக்கு அறிக்கை போகும். அவ்வாசலுக்கு வந்து சேருமுன் அந்தக் கோரிக்கை பட்ட பாடும், விடை திரும்பிப் போய் ஒரு மலிவான கைப்பேசியிலே எழுத்தாகவும் படமாகவும் விரிய ஆன காலமும் அந்த அறிக்கையில் இரா.

சராசரி என்பதே இவ்விஷயத்தில் நம்பத்தகாத சாட்சி. பத்துப் பேர் ஒரு தளத்துக்கு வருகிறார்கள். ஒன்பது பேருக்கு ஒரு விநாடியில் பக்கம் திறந்துவிடுகிறது. பத்தாமவர் முப்பத்தொரு விநாடி காத்திருக்கிறார். சராசரி நான்கு விநாடி. அந்த நான்கு விநாடியை அனுபவித்தவர் அப்பத்துப் பேரில் ஒருவருமில்லை! அதனால்தான் விவரம் அறிந்தவர்கள் சராசரியை விட்டுச் சதமானத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்: வந்தவர்களைக் காத்திருந்த காலத்தின்படி வரிசையாக நிறுத்தி, நூற்றில் எழுபத்தைந்தாமவர், தொண்ணூற்றைந்தாமவர், தொண்ணூற்றொன்பதாமவர் எவ்வளவு நேரம் காத்தார் என்று கேட்கிறார்கள். கூகுள் 2020-ல் வகுத்து வெளியிட்ட அளவுகோலும் எழுபத்தைந்தாமவரையே சாட்சிக்கு அழைக்கிறது. பக்கத்தின் முக்கியமான பாகம் அவர் கண்ணில் 2.5 விநாடிக்குள் பட்டுவிட வேண்டும். பொத்தானை அழுத்தினால் 200 மில்லிவிநாடிக்குள் திரை அசைய வேண்டும் (இந்த விதி இவ்வடிவில் வந்தது 2024 மார்ச்சில்). படிக்கும்போது எழுத்துகள் இடம்பெயர்ந்து துள்ளக் கூடாது. மூன்றாவது விதியின் அருமை, ஒரு பொத்தானை அழுத்தப்போகும் சமயத்தில் மேலே ஒரு விளம்பரம் வந்து இறங்க, விரல் வேறெதிலோ பதிந்து, வேண்டாத பக்கத்துக்குப் போய்த் திரும்பத் தெரியாமல் விழித்தவர்களுக்குத் தெரியும்.

அளக்கும் முறையும் இரண்டு. குறித்த இடங்களில் யந்திரங்களை நிறுத்தி, அவற்றைக் கொண்டு சில நிமிஷங்களுக்கு ஒரு தரம் தளத்தைத் தட்டிப் பார்ப்பது ஒன்று. மெய்யாகவே வந்துபோகும் ஜனங்களின் கைப்பேசிகளிலிருந்தே காலக் கணக்கைத் திரட்டுவது மற்றொன்று. ஆதம்பாக்கத்துக்கு அடுத்த வேளச்சேரியில் ஒரு காலத்தில் அலுவலகம் வைத்திருந்ததும், 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டதுமான அட்வென்ட்நெட் கம்பெனி, சைட்24x7 என்ற பெயரில் இவ்விரண்டையும் ஒரு பண்டமாக உலகெங்கும் விற்று வருகிறது. முதல் முறை, தளம் படுத்துவிட்டதா என்று உடனே சொல்லும். இரண்டாவது முறைதான் மக்கள் படும் பாட்டைச் சொல்லும். இரண்டில் ஒன்றுதான் உண்டு என்றால் நாம் பின்னதையே கேட்போம்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. யூடியூபில் எஞ்சினீயராக இருந்த கிறிஸ் ஸகரியாஸ் என்பவர், காணொளிப் பக்கத்தின் எடை 1.2 மெகாபைட்டாகப் பெருத்துவிட்டதைக் கண்டு, வேண்டாதவற்றையெல்லாம் களைந்து 98 கிலோபைட்டில் ஒரு மெலிந்த பக்கத்தைச் செய்து சோதனைக்கு விட்டார். ஒரு வாரம் கழித்துக் கணக்கைப் பார்த்தால் சராசரிக் காத்திருப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. திகைத்துப்போய் அவர் கணக்கைத் தேசம் தேசமாகப் பிரித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது: தென்கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, சைபீரியாவின் கோடி போன்ற இடங்களில், பழைய பக்கம் திறக்க இருபது நிமிஷமாகும் என்பதால் வராமலே இருந்த ஜனங்கள், புதிய பக்கம் இரண்டு நிமிஷத்தில் திறக்கவே வரத் தொடங்கியிருந்தார்கள். அதுவரை அவர்களுடைய துன்பம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. வராதவர்களை எந்தப் பதிவேடு குறித்து வைக்கும்? நம் நாட்டில் பொதுஜன சேவைத் தளங்களை நடத்துகிறவர்கள் ஒவ்வொருவரும் இந்த விருத்தாந்தத்தை ஒருமுறை ஊன்றிப் படிப்பது உசிதம்.

இனிக் கூட்டத்தின் விஷயம். டென்மார்க்கில் டெலிபோன் கம்பெனியில் பணிபுரிந்த எர்லாங் என்ற கணித நிபுணர், அழைப்புகள் முன்னறிவிப்பின்றி வந்து சேரும் விதத்தைப் பற்றி 1909-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் போட்ட பாதையில் வளர்ந்த வரிசைக் கணிதம் நமக்குச் சொல்லும் செய்தி, கேட்டவுடன் நம்பத் தோன்றாதது. ஒரே சர்வர், கோரிக்கைகள் ஒழுங்கின்றி வருகின்றன என்று வைத்துக்கொண்டால், அதன் நேரத்தில் 50 சதவீதம் வேலையில் கழியும்போது, ஒரு கோரிக்கை வரிசையில் நிற்கும் சராசரிக் காலம் அதைச் செய்து முடிக்க ஆகும் காலத்துக்குச் சமம். 90 சதவீதமானால் ஒன்பது மடங்கு; 95-ல் பத்தொன்பது மடங்கு; 99-ல் தொண்ணூற்றொன்பது மடங்கு. கடைசி நாலைந்து சதவீதத்தில்தான் சர்வநாசம் ஒளிந்திருக்கிறது. "நேற்று வரை நன்றாகத்தானே ஓடிற்று" என்று தளம் விழுந்த அன்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. 90-லிருந்து 99-க்குப் போன ஐந்து நிமிஷத்தை அவர்கள் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, பொறுமையிழந்த ஒவ்வொருவரும் ரீலோடு அடிக்கும்போது ஒரு கோரிக்கை இரண்டாகி, இரண்டு நான்காகிறது. கோவிட் தடுப்பூசிக்கான கோவின் தளம் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் அனைவருக்கும் 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்குத் திறந்துவிடப்பட்டபோது, முதல் சில நிமிஷங்கள் தடுமாறியதும் இப்படிப்பட்ட முற்றுகையால்தான். அன்று ஒரே நாளில் 1.3 கோடிப் பேருக்கு மேல் பதிவு செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

கூட்டம் வருவதை விடக் கூட்டம் கலைவது ஆபத்தானதாக இருக்கக்கூடும் என்பதற்குச் சென்னைவாசிகளுக்குப் பரிச்சயமான ஓர் உதாரணம் உண்டு. 2019 ஜூலை 10-ஆம் தேதி, மான்செஸ்டரில் நியூசிலாந்தோடு நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், தோனி ஆடிக்கொண்டிருக்கையில் ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்டில் எறிந்த பந்து ஸ்டம்பில் பட்டது. தோனி ரன் அவுட். சேப்பாக்கத்துச் செல்லப்பிள்ளை திரும்பி நடக்கத் தொடங்கியதுமே, தேசமெங்கும் லட்சோபலட்சம் கட்டைவிரல்கள் ஒரே விநாடியில் 'பேக்' பொத்தானை அழுத்தின. ஆட்டத்தை விட்டு வெளியேறுகிறவர்கள் அனைவரும் முகப்புப் பக்கத்தில் வந்து விழுவார்கள்; முகப்புப் பக்கமோ, இன்னாருக்கு இன்ன படம் பிடிக்கும் என்று ஆளுக்கு ஆள் யோசித்துப் பரிமாறும் கனமான பக்கம். இதை எதிர்பார்த்தே அந்நிறுவனத்தின் எஞ்சினீயர்கள் முன்கூட்டி ஒத்திகை பார்த்து, நெருக்கடி நேரத்தில் சிபாரிசு போன்ற அலங்காரங்களை அணைத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவான ஒரு பக்கத்தையே காட்டும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். அன்று ஆட்டம் தோற்றது; தளம் விழாமல் நிலைத்தது. நெருக்கடியில் எதைக் கைவிடலாம் என்று நிதானமான நாளிலே தீர்மானித்து வைப்பது இத்தொழிலின் மேலான விவேகம் என்பது நம் அபிப்பிராயம்.

தூரம் என்றொரு விதியும் இருக்கிறது. அதை எந்த எஞ்சினீயரும் மாற்ற முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். அமெரிக்காவில் வர்ஜீனியாவில் உள்ள சர்வருக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். நேர்கோட்டில் இழை போட்டாலும், போய்வர 140 மில்லிவிநாடிக்குக் குறையாது. ஒரு பக்கத்தின் முதல் எழுத்து நம்மிடம் வருமுன், கைகுலுக்க ஒரு தரம், இரகசியச் சாவி மாற்றிக்கொள்ள ஒரு தரம், பக்கத்தைக் கேட்க ஒரு தரம் என மூன்று முறையாவது போய்வர வேண்டியிருப்பதால், ஏறத்தாழப் பாதி விநாடி வழிப்பயணத்திலேயே கரைந்துவிடுகிறது. வீட்டிலே எத்தனை எம்.பி.பி.எஸ். வாங்கி வைத்திருந்தாலும் இதில் குறைவு வராது. அந்தமான்வாசிகள் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்கள். 2020 ஆகஸ்டு 10-ஆம் தேதி சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் அங்கே தொடங்கிவைக்கப்படும் வரையில், அத்தீவுகள் பெரும்பாலும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி ஏறி இறங்கி, விடை ஏறி இறங்கினால், ஒவ்வொரு போக்குவரவுக்கும் அரை விநாடி போய்விடும். கேபிள் வந்த பின் அது சில பத்து மில்லிவிநாடியாகச் சுருங்கிற்று. இதே காரணத்தால்தான் மாறாத பொருள்களின் பிரதிகளை ஊர் ஊராக முன்கூட்டியே கொண்டுபோய் வைக்கும் சி.டி.என். என்ற ஏற்பாடு தோன்றியது.

எடையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஒரு காட்சி போதும். தி.நகரிலோ மயிலாப்பூரிலோ உள்ள ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் தளத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' என்ற பகுதியைப் பாருங்கள். பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும். மிக நீளமான பட்டை எதுவென்று பார்த்தால், அநேகமாக அது முகப்பில் தொங்கும் பட்டுப்புடவைப் படமாக இருக்கும். காமிராவில் எடுத்த 5 மெகாபைட் படத்தை அப்படியே ஏற்றிவிட்டிருப்பார்கள். விநாடிக்கு நாலு மெகாபிட் ஓடும் இணைப்பில் அந்த ஒரு படம் இறங்கவே பத்து விநாடி பிடிக்கும்; உள்ளங்கை அகலத் திரையில் அந்த நுட்பத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. அடுத்து, வந்தவரைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கும் ஸ்கிரிப்ட்டுகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். எது யாருக்காகப் போடப்பட்டது என்று கடையில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. யாஹூவில் இருந்த ஸ்டீவ் சௌடர்ஸ் 2007-லேயே கணக்கிட்டு எழுதினார்: காத்திருக்கும் காலத்தில் எண்பது முதல் தொண்ணூறு சதவீதம் சர்வரில் அல்ல, பக்கம் வந்து சேர்ந்து விரிவதில்தான் கழிகிறது என்று. இன்னும் புதிய சர்வர் வாங்கத்தான் பணம் ஒதுக்குகிறார்கள்.

இடறும் இடம் ஒன்றாகவும், செப்பனிடும் இடம் வேறாகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆதம்பாக்கத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை 2008-ல் தொடங்கப்பட்டு, நாலரைக் கிலோமீட்டர் எழும்பி நின்றது. ஆதம்பாக்கத்திலே ஐந்நூறு மீட்டர் நிலம் கையகப்படுத்தும் வழக்கில் சிக்கியதால், எழும்பிய தூண்களும் ஆண்டுக்கணக்கில் வெயில் காய்ந்தன. அந்நாட்களில் வேளச்சேரி முனையில் இன்னொரு பிளாட்பாரம் கட்டியிருந்தால் ஒரு பிரயாணியாவது ஒரு நிமிஷம் முன்னதாகப் போயிருப்பாரா? ஜீன் ஆம்தால் 1967-ல் கம்ப்யூட்டர்களைக் குறித்துச் சொன்ன விதியும் இதையே கணக்காகச் சொல்கிறது: மொத்தக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் வேலையை இரு மடங்கு வேகமாக்கினால், மொத்தத்தில் மிச்சமாவது பத்தில் ஒரு பங்குதான். ஆகவே முதலில் அளந்து, அந்த ஐந்நூறு மீட்டர் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்காமல் கடப்பாரையைத் தூக்குவதில் பிரயோஜனமில்லை.

தத்காலில் அந்த ஐந்நூறு மீட்டர் எங்கே? ஸ்டேஷன் பெயர்கள், படங்கள், பக்கத்தின் சட்டகம் இவையெல்லாம் பிரதி எடுத்து ஊரெங்கும் வைக்கத் தக்கவை. 87 சதவீத மாறாப் பொருள்கள் இப்போது சி.டி.என். வழியாகவே போகின்றன என்று 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. ஆனால் 'பி 4, 23-ஆம் எண் படுக்கை' என்பது ஒன்றே ஒன்று. அதைப் பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுக்க முடியாது. ஒருவருக்கு அதை ஒதுக்கும் க்ஷணத்தில் மற்றவர்கள் காத்துத்தான் நிற்க வேண்டும். அங்கேதான் வரிசை உருவாகிறது. அவ்வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் மனிதர்களும் அல்லர்: தத்கால் திறந்த முதல் ஐந்து நிமிஷங்களில் உள்நுழையும் முயற்சிகளில் பாதி வரை, ஏஜெண்டுகள் ஏவிய யந்திரங்களுடையவை என்று அதே அறிவிப்பு ஒப்புக்கொண்டது. சந்தேகத்துக்குரிய 2.5 கோடி கணக்குகள் முடக்கப்பட்டன. ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்தவர்களுக்கே இணையத்தில் தத்கால் என்றும், முதல் அரைமணி நேரம் ஏஜெண்டுகளுக்கு இடமில்லை என்றும் விதி வந்தது. கவனித்தால், இது சர்வரின் வேகத்தைக் கூட்டிய நடவடிக்கை அன்று. வரத் தகாத கூட்டத்தை வாசலிலே நிறுத்தியது. நம் மதிப்பில், நிமிஷத்துக்கு இத்தனை ஆயிரம் என்று உயர்த்திய அறிவிப்புகள் அனைத்தையும்விடச் சாமானியப் பிரயாணிக்கு இதனால் விளையக்கூடிய நன்மை அதிகம். ஆதார் கைவசமில்லாதவரும், ஓடிபி வந்து சேராத கைப்பேசிக்காரரும் இதனால் படும் இடர் தனி விஷயம். அதையும் யாராவது அளக்க வேண்டும்.

புதிய முன்பதிவு அமைப்பு நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட் வழங்கும், நாற்பது லட்சம் விசாரணைகளுக்கு விடை சொல்லும் என்று 2025 ஜூனில் சொல்லப்பட்டது. வரட்டும். எனினும் புதிய ரக ஏ.சி. மூன்றடுக்குப் பெட்டி ஒன்றில் எழுபத்திரண்டு படுக்கைகள்தாம். எழுபத்து மூன்றாமவருக்கு எந்த வேகமும் இடம் உண்டாக்கித் தராது. அவருக்குச் செய்யக்கூடியது, இல்லை என்ற விடையை இரண்டு விநாடியில் தருவதே. பத்து மணி ஒரு நிமிஷத்துக்கு அது தெரிந்தால் அவர் கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படும் பஸ்ஸுக்கு இடம் தேடலாம்; பத்தேகாலுக்குத் தெரிந்தால், அவரைப் போல் ஏமாந்த அத்தனை பேரும் அதற்குள் அங்கேயும் முந்தியிருப்பார்கள். உச்ச நிமிஷத்தில் எத்தனை டிக்கெட் விற்றோம் என்பதை ரயில்வே தாராளமாக அறிவித்துக்கொள்ளட்டும். கூடவே, பத்து மணி முதல் பத்து ஐந்து வரை பொத்தானை அழுத்தியவர்களில் தொண்ணூற்றைந்தாமவர், உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு விடை பெற எத்தனை விநாடி காத்திருந்தார் என்பதையும், அவர் கைக் கடிகாரத்தின்படி, மாதம் ஒருமுறை வெளியிடலாம்.